சித்தி தலையில் ஒரு சின்ன மேடு: மதுரை ஆஸ்பத்திரி அனுபவம்

மூன்று வார லீவில் ஊருக்கு வந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டேகேர் வார்டிலேயே போய்விட்டது. சித்திக்கு மார்பகப் புற்றுநோய், இப்போது மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கும் பரவியிருக்கிறது. கையில் ஏற்றும் கீமோ மருந்துகளில் பல, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. அதனால் தலைத்தோலுக்கு அடியில் ஒம்மாயா ரிசர்வாயர் என்ற சின்னக் குமிழை வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயை மூளைக்குள் நீர் இருக்கும் அறை வரை இறக்கியிருக்கிறார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் அயூப் ஒம்மாயா 1963இல் கொண்டுவந்த முறை இது. ஒவ்வொரு தடவையும் முதுகுத்தண்டில் ஊசி குத்த வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி.

மருந்து போடும்போது பக்கத்தில் நின்றேன். டாக்டர் விரலால் மேட்டைத் தடவிப் பார்த்து, இரண்டு முறை சுத்தம் செய்து, மெல்லிய ஊசியைக் குத்தி, முதலில் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு, அதற்கப்புறம் மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றினார். சித்தி முகம்கூடச் சுளிக்கவில்லை. கைவேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கோபம் வந்தது வேறு விஷயத்தில். மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னார்கள், நானும் சீட்டைக் காட்டி வாங்கி வந்தேன். சிஸ்டர் லேபிளைப் படித்துவிட்டு, "இதுல கெட்டுப்போகாம இருக்கறதுக்கு ஒரு பொருள் கலந்திருக்கு, மூளை நீர்ல இதைப் போடவே கூடாது, மாத்திட்டு வாங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் பார்த்தார், தப்பித்தோம். ஆனால் சீட்டில் அதை யாரும் எழுதவே இல்லையே! வீட்டில் யாருக்காவது இந்த வைத்தியம் நடந்தால் தயவுசெய்து இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேடு அழுந்திவிடுமோ என்று பயந்து சித்தி ஒரு மாதமாக வலப்பக்கம் திரும்பியே படுக்கவில்லை. இத்தனை நாளில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் அதே சிஸ்டரிடம்தான் கேட்டார்.

"காயம் நல்லா ஆறிடுச்சும்மா, தாராளமா படுங்க, தலைக்கும் குளிங்க" என்றார். அப்புறம் காய்ச்சல், கழுத்து விறைப்பு, மேட்டைச் சுற்றிச் சிவப்பு, இதில் எது வந்தாலும் ராத்திரியானாலும் உடனே வரணும் என்று ஃபைல் அட்டையில் தமிழிலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தார். அதை ஜெராக்ஸ் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.