தையல் கூடத்துக்கு பி.எல்.டி.சி. ஃபேன்: மாற்றலாமா?

ஈரோட்டில் மாடியில் தையல் கூடம் நடத்துகிறேன். மேலே வெறும் கான்கிரீட் தளம். காலை 9 மணிக்குப் போட்டால் இரவு 7 மணிக்குத்தான் ஃபேன் நிற்கும். இப்படி நாள் முழுக்க ஓடுகிற இடமென்றால், காந்த மோட்டாரும் சர்க்யூட் போர்டும் வைத்துக் குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்குத் தாராளமாக மாறலாம்.

எங்கள் பழைய ஃபேன் ஒவ்வொன்றும் 75 வாட். புதியது முழு வேகத்தில் 28 வாட். எட்டு ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் முன்பு 6 யூனிட், இப்போது இரண்டேகால் யூனிட்கூட முழுதாக ஆகாது. ஆனால் கடைக்காரர் சொல்லும் லாபத்தை அப்படியே நம்ப வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் முத்திரை கட்டாயம் என்பதால் இப்போது வரும் சாதாரண ஃபேனே 50 வாட் பக்கம்தான். அதோடு ஒப்பிட்டால் மிச்சம் பாதிக்கும் கீழே.

28 வாட்டில் காற்று வருமா என்று எங்கள் கூடத்தில் தைக்கும் அக்காக்கள் எல்லோரும் கேட்டார்கள். வருகிறது. பழைய மோட்டாரில் கரண்டில் பெரும்பகுதி சூடாகவே வீணாகும்; சாயங்காலம் ஏணி போட்டுத் தொட்டால் கை சுடும். இதில் சுழலும் பகுதியில் காந்தம் இருப்பதால் அந்த இழப்பு குறைவு, தொட்டால் வெதுவெதுப்புதான். வாங்கும்போது பெட்டியில் காற்றளவைப் பாருங்கள்: 1200 மி.மீ. ஃபேனுக்கு நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பெனி பெயரெல்லாம் அப்புறம்.

எனக்கு மிகவும் பிடித்தது மின்வெட்டு நேரம். இன்வெர்ட்டரில் ஓடும்போது பழைய ஃபேன் போல உறுமுவதில்லை, பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்குகிறது. சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தாலும் வேகம் குறைவதில்லை.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டரை எடுக்காமலே இணைப்புக் கொடுத்துவிட்டார். இரண்டு ஃபேன் நின்று நின்று ஓடியது. ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேராகக் கொடுத்த பிறகுதான் சரியானது. பக்கத்தில் நின்று இதைச் சொல்லிச் செய்ய வையுங்கள்.

குறை என்றால் ரிப்பேர்தான். பழைய ஃபேனில் கெபாசிட்டர் போனால் தெருமுனைக் கடையில் மாற்றிவிடலாம், காயில் எரிந்தால் கட்டித் தருவார்கள். இதில் சர்க்யூட் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். அதனால் உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள், பில்லையும் பத்திரமாக வையுங்கள்.