சாமித்தோப்பா, திருவனந்தபுரமா, வாகைக்குளமா? குமரி மாவட்டத்தின் விமான நிலையத் தேவை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர் வாழும் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சாமித்தோப்பில் புதிதாக ஒன்று அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. மேற்கே திருவனந்தபுரமும், வடகிழக்கே தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளமும் இருக்கும் நிலையில், இம்மூன்றில் எதற்காக நாம் குரல் கொடுப்பது என்பதை நிதானமாக எடைபோட வேண்டும்.

சாமித்தோப்பைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் நெருங்கி வாழும் சிறிய மாவட்டம் இது. ஜெட் விமானங்களுக்கு ஏற்ற 3 கிலோமீட்டர் நீளச் சமநிலத்தை, சாமித்தோப்பு இருக்கும் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் தேடினால், வயல்களும் தென்னந்தோப்புகளும் புத்தளத்து உப்பளங்களும்தான் குறுக்கே வரும். அருகிலேயே, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் உள்ளன. வலசைப் பறவைகள் கூட்டமாக எழும் இடத்தில் விமானம் ஏறி இறங்குவது பறவைக்கும் பயணிக்கும் ஆபத்தானது. தவிர, இயங்கிவரும் விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்றை அமைப்பதற்கு 2008ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கை கூடுதல் பரிசீலனையை விதிக்கிறது. அந்த எல்லைக்குள் நமக்கு இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. நாஞ்சில் நாட்டில் எஞ்சியிருக்கும் வயலை இதற்காக இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் குமரி மக்களுக்குத் திருவனந்தபுரமே வாசல். களியக்காவிளையைத் தாண்டினால் ஒரு மணி நேரத் தொலைவுதான். 1932இல் தொடங்கப்பட்ட இந்நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் நீளமுடையது. 2021 அக்டோபரில் குத்தகை அடிப்படையில் தனியார் நிர்வாகத்துக்குச் சென்ற பின், ஆண்டுக்கு 32 லட்சம் பயணிகளைக் கையாளும் திறனை 1.2 கோடியாக உயர்த்தும் முனைய விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒருபுறம் கடலும் மறுபுறம் நகரமும் நெருக்குவதால், ஓடுபாதைப் பக்கம் அகல விரிய இடம் குறைவு. பங்குனி, ஐப்பசி ஆராட்டு எனப்படும் நீராட்டு விழாக்களின்போது பத்மநாபசுவாமி ஊர்வலம் கடற்கரைக்குச் செல்வதற்காக ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுகிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நமக்கு அந்த மரபின் மதிப்பு தெரியும். ஒரே ஓடுபாதை என்பதால் அந்த நேரத்தில் மாற்று வழி இல்லை என்பதையும் பயணத்தைத் திட்டமிடுபவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாகைக்குளத்தின் கதை வேறு. 1,350 மீட்டர் ஓடுபாதையில் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்த இந்நிலையம், 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 17,340 சதுர மீட்டர் புதிய முனையத்துடன் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைக்கப்பட்டது. நெரிசல் நேரத்தில் 1,350 பயணிகளை இம்முனையம் கையாளும். பின்னர் 1,800 வரை உயர்த்திக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் டாக்ஸிவே, அதாவது விமானங்கள் ஓடுபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே ஊர்ந்து செல்லும் பாதை, முக்கியமாகிறது. ஓடுபாதைக்கு இணையாக முழு நீள டாக்ஸிவே இல்லாத எந்த நிலையத்திலும், இறங்கிய விமானம் கடைசியில் திரும்பி அதே ஓடுபாதை வழியாகவே ஊர்ந்து வர நேரிடும். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை கிலோமீட்டர் ஊர்ந்தாலும் இரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை வானில் இருப்பது இறங்கவும் முடியாது, தரையில் இருப்பது கிளம்பவும் முடியாது. விமானத்துக்கு 180 பேர் என்று கொண்டால், 1,350 பயணிகள் என்பது மணிக்கு ஏழு அல்லது எட்டு வருகை, புறப்பாடுகள். அதை ஒருவாறு சமாளிக்கலாம். 1,800 பயணிகள் என்றால் பத்து; ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம்தான் கிடைக்கும். ஒரு விமானம் தாமதமானாலும் அடுத்தடுத்தவை தடுமாறும். ஆகவே முனையத்தை மேலும் பெரிதாக்குவதற்கு முன், முழு நீள இணை டாக்ஸிவேக்கான நிலத்தையும் நிதியையும் உறுதிசெய்வதே சரியான வரிசை என்று உறுதியாகக் கருதுகிறேன். கண்ணாடி மாளிகை படத்தில் அழகாகத் தெரியும். டாக்ஸிவே யார் கண்ணிலும் படாது, ஆனால் விமானங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அதுதான். சுற்றிலும் வீட்டுமனைகள் முளைத்த பிறகு அந்த நிலத்தை மீட்பது எளிதல்ல.

சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்பவர்களில், மார்த்தாண்டம் பகுதியினருக்குத் திருவனந்தபுரமே இனியும் வசதியாக இருக்கும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு, ஆரல்வாய்மொழி வழியாக நான்குவழிச் சாலையில் திருநெல்வேலியைத் தொட்டு வாகைக்குளம் செல்வது, தொலைவில் கூடுதலானாலும், தக்கலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை நெரிசலில் சிக்கித் தவிப்பதைவிட நம்பகமான பயணம். நமது மாவட்டத்தின் கோரிக்கை மனுக்களில் சாமித்தோப்புக்குப் பதிலாக வாகைக்குளத்தின் டாக்ஸிவே முதலிடம் பெற வேண்டும். அதற்கு அடுத்தபடியாக, நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து விமான நேரங்களுக்கு ஏற்றபடி ஒரு நேரடிப் பேருந்தைக் கேட்க வேண்டும்.