எண்டோதீலியச் செல்களின் பிணைப்பை மின்தடையால் அளத்தல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் எண்டோதீலியச் செல்கள் எவ்வளவு இறுக்கமாக ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன என்பதை அறிய, எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகத் தங்க மின்முனைத் தட்டுகளைப் பயன்படுத்தி வருகிறோம். 1973இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற இவார் கியேவர், சார்லஸ் கீஸுடன் சேர்ந்து 1980களில் உருவாக்கிய முறை இது. செல்கள் மின்முனையின் மீதே வளர்கின்றன. மிக மெல்லிய மாறுமின்னோட்டத்துக்கு அவை காட்டும் தடையைக் கருவி இடைவிடாமல் பதிவுசெய்கிறது. கையால் மின்முனையை நுழைத்து அளக்கும்போது, அது சற்றுச் சாய்ந்தாலே அளவு மாறிவிடும்; அந்தத் தொல்லை இதில் இல்லை.

இக்கருவியின் அருமை, இரத்தத்தை உறையச் செய்யும் நொதியான த்ராம்பினைக் கொண்டு செய்யும் சோதனையில்தான் புலப்படும். த்ராம்பினைச் சேர்த்த சில நிமிடங்களில் செல்லுக்குள் ரோ-ஏ என்னும் புரதம் தூண்டப்பட, செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகள் சுருங்கி, அண்டைச் செல்களை இணைத்திருக்கும் விஇ-கேடெரின் என்னும் புரதத்தின் பிணைப்புகளை இழுத்து விலக்குகின்றன; தடை சரிகிறது. பின்னர், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில், தடையைக் காட்டும் கோடு மெல்ல மேலேறுகிறது. அந்த மீட்சியைத் தொடர்ச்சியாகக் காணும் எவருக்கும், இந்தச் செல் அடுக்கு என்னும் தடுப்பு, செல்கள் ஓயாமல் புதுப்பித்துக் காக்கும் ஒன்று என்பது ஐயமின்றி விளங்கும்.

விஇ-கேடெரின் கால்சியம் இன்றிப் பிணையாது. ஆகவே ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழியை, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளான ஈடிடிஏ சேர்ப்பதற்கென ஒதுக்குமாறு வலியுறுத்துவேன். அதில் தடை குறையாவிட்டால் அந்தத் தட்டின் மற்ற அளவீடுகளையும் நம்ப இயலாது.

குறைகளும் உண்டு. தட்டுகளின் விலை அதிகம். அதைவிட முக்கியமாக, செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகினாலும், தளத்திலிருந்து பெயர்ந்தாலும் தடை குறையும். சுமார் 4,000 ஹெர்ட்ஸில் கிடைக்கும் அளவை மட்டும் பாராமல், மின்முனையைச் செல்கள் முழுமையாக மூடியுள்ளனவா என்று காட்டும் உயர் அதிர்வெண் அளவையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். விஇ-கேடெரினுக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதும் தவிர்க்க முடியாதது.

செல்களின் தேர்வு கருவியைவிடப் பெரிது. தொப்புள்கொடிச் சிரைச் செல்கள் எளிதில் வளர்ந்தாலும் அவற்றின் தடை குறைவு; பாஸேஜ் (செல்களைப் பிரித்து மறுபடி வளர்க்கும் தடவைகள்) ஏற ஏற இன்னும் தளரும். இரத்த-மூளைத் தடுப்பை ஆராய்வோர், செல்களிடையே உள்ள இடைவெளியை அடைக்கும் புரதமான கிளாடின்-5 செறிந்த மூளை நுண்குழாய்ச் செல்களையே நாட வேண்டும்.