உறைந்த ஏரிக்கு வீட்டில் செய்யும் கூடாரம்: பிவிசி, மரம், குமிழ், சறுக்குவண்டி – எது தேறும்?

உறைந்த ஏரியில் துளை போட்டு, தூண்டிலோடு உட்காருகிறவர்களுக்குக் கூடாரம் என்பது முதலில் காற்றுத் தடுப்பு. மற்றதெல்லாம் அப்புறம்தான். மைனஸ் 10 டிகிரி குளிரைக் கனமான உடுப்பு தாங்கிவிடும். அதோடு காற்றும் சேர்ந்துகொண்டால் விரல்களால் ஒரு முடிச்சுக்கூடப் போட முடியாது. குழாய், துணி, ஒரு நல்ல தையல் மெஷின் இருந்தால் இந்தக் கூடாரத்தை வீட்டிலேயே செய்துவிடலாம். எந்த அமைப்பில் செய்வது என்பதில்தான் குழப்பம்.

எல்லோரும் முதலில் எடையைப் பார்க்கிறார்கள். நான் இணைப்புகளை எண்ணச் சொல்வேன். வழவழப்பான பனிக்கட்டி மேல் சறுக்குவண்டியில் 20 கிலோவை இழுத்துப் போவது பெரிய பாடு இல்லை. மடித்த கூடாரத்தை நிமிர்த்துவதுதான் பாடு: கையில் கையுறை, முகத்தில் காற்று, மீன் கிடைக்காவிட்டால் பிரித்து வேறு துளைக்குப் போய் மறுபடி அதே வேலை.

பலரும் தொடங்குவது பிவிசி பைப்பில். மலிவு, ரம்பம் ஒன்று போதும். தரை 1.5 மீட்டருக்கு 1.5, உயரம் 1.8 என்று ஒரு பெட்டிச் சட்டம் போட்டால் சுமார் 19 மீட்டர் பைப் ஆகும். ஒரு அங்குல கனரக பைப் மீட்டருக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக சட்டம் மட்டும் 9 கிலோ. முக்கால் அங்குலம் என்றால் 6 கிலோவில் முடியும், ஆனால் காற்றில் வில்லாக வளையும். எடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இணைப்புகளை எண்ணிப் பாருங்கள்: எட்டு மூலை, மூலைக்கு மூன்று செருகல், மொத்தம் 24. மூலைக்கு ஒரு பைப்பை மட்டும் நிரந்தரமாக ஒட்டிவிட்டால் 16 ஆகக் குறையும். அதற்கு மேல் ஒட்டினால் சட்டத்தைக் குச்சிகள்போல ஒரே கட்டாகக் கட்டி எடுத்துப் போக முடியாது.

இன்னொரு தொல்லை, குளிரில் பிவிசி நொறுங்கும் தன்மை பெறுவது. வீட்டில் சுத்தியலால் தட்டினாலும் தாங்குகிற மூலைத்துண்டு, கடுங்குளிரில் ஒரு தட்டிலேயே விரிசல் விடும். செருகிய இடத்தில் ஈரம் புகுந்து உறைந்துவிட்டால் பைப்பும் மூலைத்துண்டும் ஒட்டிக்கொள்ளும். திருகிப் பிரிக்கப் போனால்தான் பெரும்பாலும் உடைகிறது. முனைகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சிலிகான் கிரீஸோ மெழுகோ தடவி வைத்தால் இது பெருமளவு குறையும். கையில் நாலைந்து மூலைத்துண்டு கூடுதலாக இருக்கட்டும். காலையில் நிறுத்தி மாலையில் பிரிக்கிறவருக்கு பிவிசி போதும். இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கீல் வைத்து மடிகிற பெட்டி உறுதியானது, காற்றுக்கு அசையாது, நிமிர்த்துவதும் எளிது. ஆனால் 4 மில்லிமீட்டர் பிளைவுட் சுவர்களே 30 கிலோவை நெருங்கும். சட்டத்தையும் சேர்த்தால் 40ஐத் தாண்டும். எடை குறையட்டும் என்று பிளைவுட்டுக்குப் பதிலாக ஃபோம் பலகை வைப்பவர்கள் உண்டு. கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஃபோம் தீப்பிடித்தால் வருகிற புகை விஷம். உள்ளே அடுப்பு வைக்கிற எண்ணம் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வேகத்தில் முதலிடம் குமிழ் வகைக்கு. ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு குமிழ், அதாவது கம்பிகள் வந்து கூடுகிற மூட்டு. அதிலிருந்து நான்கு மூலைக்கும் நான்கு ஃபைபர்கிளாஸ் கம்பிகள். குமிழை வெளியே இழுத்தால் கம்பிகள் வளைந்து துணியை விறைப்பாக்கும். நான்கு சுவர், ஒரு கூரை, ஐந்து இழுப்பில் கூடாரம் தயார். கம்பியும் மிக லேசு. பிரச்சினை அதைச் செய்வதில்தான் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட அளவில், சுவரின் நடுவிலிருந்து மூலைக்கு 1.17 மீட்டர். கம்பி அதைவிடச் சற்றே நீளமாக இருந்தால்தான் இழுவிசை பிறக்கும். நீளம் போதாவிட்டால் சுவர் வெளியே நிற்காது, மிஞ்சினால் மூலைத் தையல் கிழியும். நான்கு கம்பிகளும் எல்லாத் திசையிலும் மடிகிற மாதிரி ஒரு குமிழை வீட்டில் கடைந்தெடுப்பதும் லேசான காரியம் இல்லை. கிழிந்துபோன பழைய குமிழ்க் கூடாரம் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்: கம்பியையும் குமிழையும் எடுத்துக்கொண்டு துணியை மட்டும் புதிதாகத் தைத்தால் அருமையான கூடாரம் வரும். அது இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்குப் பிடித்தது சறுக்குவண்டிக் கூடாரம். சாமான் இழுத்துப் போகிற பிளாஸ்டிக் சறுக்குவண்டியே இதற்கு அடித்தளம். அதன் விளிம்பில், பக்கத்துக்கு ஒரு போல்ட்டில், மூன்று வளைவுச் சட்டங்கள் சுழலும், மேலே துணி. குழந்தைத் தள்ளுவண்டியின் மூடியை இழுத்து விடுவதுபோல, பின்னால் மடிந்து கிடப்பதைத் தலைக்கு மேலாக முன்னே இழுத்தால் போதும். ஏரியில் செருக வேண்டிய இணைப்பு ஒன்றுகூட இல்லை. நீங்களே வண்டி மேல் உட்காருவதால் உங்கள் எடையே நங்கூரம். காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினால் சரி.

இதில் கவனம் வேண்டியது அந்த போல்ட் உட்காருகிற இடத்தில். சறுக்குவண்டியின் சுவர் மெல்லிசு. வெறுமனே ஓட்டை போட்டு போல்ட்டை முடுக்கினால் சட்டத்தின் மொத்த இழுப்பும் அந்த ஓட்டையில் விழுந்து, குளிரில் அங்கிருந்தே பிளக்கும். உள்பக்கம் கையகலத்துக்கு ஒரு பிளைவுட் துண்டு, வெளியே அகலமான வாஷர், நடுவில் போல்ட், தானாகக் கழன்றுவிடாத வகை நட். சட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் நல்லது; சுவர் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 300 கிராம்தான். கடினமான ரகம் வளைக்கும்போது மடங்கிவிடும் என்பதால் மூலைகளுக்குத் தனித் துண்டு தேவைப்படும். மின்வயருக்குப் போடும் அரை அங்குல இரும்புக் குழாய் மீட்டருக்கு 450 கிராம், ஆனால் வளைப்பான் கருவியில் அழகாக வளையும். இங்கே நான் இரும்புக்கே ஓட்டுப் போடுவேன், கூடுகிற எடையைச் சறுக்குவண்டி பார்த்துக்கொள்ளும். குறை ஒன்று உண்டு: இது ஒருவருக்கானது. இரண்டு பேர் நெருக்கியடித்து உட்காரலாம், அவ்வளவுதான். மூன்று பேர் என்றால் பிவிசி பெட்டிக்குத்தான் திரும்ப வேண்டும்.

துணியில் சாதாரண பிளாஸ்டிக் தார்ப்பாய் சதுர மீட்டருக்கு 100 கிராம். பெட்டி முழுவதையும் ஒன்றரைக் கிலோவுக்குள் மூடிவிடும். குளிரில் விறைத்து, மடிப்பில் வெடிக்கும், காற்றில் படபடவென்று சத்தம் போடும். கான்வாஸ் மூன்று மடங்குக்கு மேல் கனம். ஈரத்தை உறிஞ்சி இரவில் பலகையாக உறையும். பூச்சு பூசிய பாலியெஸ்டர் துணிதான் இரண்டுக்கும் நடுவில் சரியாக வரும். நிறம் கருமையாக இருக்கட்டும்: உள்ளே இருட்டாக இருந்தால்தான் துளை வழியே தண்ணீருக்குள் பார்வை போகும்.

காற்றுக்குச் சலுகை இல்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, நாம் சொன்ன சுவர் மேல் ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு. அதனால் பெட்டிக்கும் குமிழுக்கும் பனிக்கட்டியில் திருகி இறக்கும் நங்கூர ஆணி கட்டாயம். எந்த வகையானாலும் துணியின் அடியில் 30 சென்டிமீட்டர் பாவாடை விட்டுத் தைத்து, அதன் மேல் பனியை வாரிப் போடுங்கள். இதையெல்லாம் விரிக்கும் முன் துளை போட்டுத் தடிமனை அளந்துவிடுங்கள். ஒருவர் நடக்கத் தெளிவான புதுப் பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் வேண்டும். வெண்மையான பனிக்கட்டிக்குப் பலம் பாதிதான், அதற்கு இரண்டு பங்கு தடிமன்.

உள்ளே கேஸ் ஹீட்டர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். ஒற்றைத் துணிக் கூரையில் அது படிந்து தலையிலேயே சொட்டும். கூரைக்கு மட்டுமாவது இரட்டைத் துணி போடுங்கள். ஹீட்டர் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எனவே காற்றுத் துவாரம் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு வேண்டும். அவற்றுக்கு ஜிப்போ வெல்க்ரோவோ தைக்காதீர்கள். மூட வழி இருந்தால் குளிர் தாங்காமல் யாராவது மூடிவிடுவார்கள். வலைத்துணி வைத்து, மேலே மழைத்தடுப்பு மடல் ஒன்றைத் தைத்து, திறந்தபடியே விட்டுவிடுங்கள்.