கறுப்பு ட்ரஃபிள் வாங்குபவர்கள் கவனம்: கூடையின் அடியைப் பாருங்கள்

பாரிசில் உணவகக் குசினிகளில் நிற்கும் நம்மவர்கள் கட்டாயம் வாசிக்கவும். மார்கழி பிறந்தால் முதலாளிமார் கறுப்பு ட்ரஃபிள் கேட்பார்கள்; மர வேரோடு ஒட்டி மண்ணுக்கடியில் விளையும் வாசக் காளான் அது. கிலோ ஆயிரம் யூரோவைச் சாதாரணமாகத் தொடும் சாமான். இந்த முறை எங்கள் கடைக்கு ஒரு வியாபாரி தந்த கூடையில் அரைவாசி வேறு இனம்.

மூடியைத் திறந்தபோது வாசம் ஆளைத் தூக்கியது. ஆனால் அடியில் கிடந்தவற்றைச் சீவினால் ரப்பர் போல இழுபட்டன. சூடான முட்டையில் போட்டும் மணமே இல்லை. நல்லதை மேலே அடுக்கினால் அதன் வாசம் பக்கத்தில் கிடப்பதிலும் ஏறிவிடும். இந்தத் தொழிலில் பழைய வித்தை இது. வியாபாரியிடம் கேட்டால், "ஃபிரிட்ஜில் வைத்து நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று பழியை எங்கள் தலையில் போட்டார்.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தெரிந்த பிள்ளை ஒன்று துண்டுகளை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டியது. கோடைகால ட்ரஃபிள் என்ற வேறு இனம் என்றால் வித்திகளின்மேல் (காளான் இனம்பெருக்கும் நுண்துகள்கள்) வலைக்கண்கள் தெரியும், உட்பக்கமும் வெளிறியிருக்கும்; அதைக் காட்டி ஏமாற்றுவது கஷ்டம். நாங்கள் கேட்ட அசல் கறுப்பு ட்ரஃபிள், அதாவது பெரிகோர் ட்ரஃபிளான டூபர் மெலனோஸ்போரத்தின் வித்திகளில் நெருக்கமான மெல்லிய முட்கள். எங்கள் சந்தேகத் துண்டிலும் முட்கள்தான்! என்ன, அடி கொஞ்சம் அகலம், சிலதுக்கு நுனி வளைவு. இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றது பிள்ளை. அப்புறம் டி.என்.ஏ.யில் இனத்துக்கு இனம் வேறுபடும் ஐ.டி.எஸ். என்ற பகுதியைப் பெருக்கி, அதன் வரிசையை வாசித்ததும் வழக்கு முடிந்தது: டூபர் இண்டிகம். சீனாவிலிருந்து இறக்குமதியாகும் இனம், விலையில் பெரிகோருக்குக் கிட்டவும் வராது. அதன் சொந்தப் பெயரில் விற்றிருந்தால் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

வேரில் ட்ரஃபிள் பூஞ்சை ஏற்றிய மரக்கன்று வாங்கித் தோட்டம் போடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. இத்தாலியின் பியமோன்டேயில் ஒரு ட்ரஃபிள் தோட்டத்து மர வேரிலேயே இந்த இண்டிகம் இருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேரில் எது ஏறியிருக்கிறது என்று வெறுங்கண்ணால் யார் பார்ப்பது?

எங்கள் பில்லில் "கறுப்பு ட்ரஃபிள்" என்று மட்டும்தான் இருந்தது. பிரான்சில் இனத்தின் லத்தீன் பெயரையும் எழுத வேண்டும். தம்பிமார், அடியில் கிடப்பதை எடுத்து வியாபாரி முன்னாலேயே வெட்டுங்கள், தனியாக எடுத்து மணந்து பாருங்கள், மெலனோஸ்போரம் என்று எழுதித் தராமல் காசு கொடுக்காதீர்கள். ஆய்வு முடிவோடு முதலாளி மோசடித் தடுப்பு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். அந்த வியாபாரி இந்தக் கிழமையும் பக்கத்துக் கடைகளுக்குக் கூடையோடுதான் திரிகிறார்.