இணையம் இல்லாத கணினியில் மூன்று ஆண்டுகள்

என் மேசைக் கணினிக்கு இணைய இணைப்பே வேண்டாம் என்று துண்டித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மொழிபெயர்ப்பும், அதற்குத் துணையாகக் கொஞ்சம் பைத்தான் நிரலும்தான் என் வேலை. மின்னஞ்சல், வங்கி, அழைப்பு எல்லாம் கைபேசியில். கணினிக்குள் எது வந்தாலும் பென் டிரைவ் வழியாகத்தான் வரும்.

முதல் மாதம் பெரும் சிரமம். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாது, ஒரு கட்டளையின் பெயர் நினைவுக்கு வராது; உடனே கை கைபேசிக்குப் போய்விடும். போனால் அரைமணி நேரம் கழித்துத்தான் வேலைக்குத் திரும்புவேன். சரி, என்னதான் தேடுகிறோம் என்று பார்ப்போமே என ஒரு வாரம் முழுக்க எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பெரும்பாலும் கலைக்களஞ்சியத்திலோ, அகராதியிலோ, மென்பொருளின் உதவிப் பக்கங்களிலோ இருப்பவைதான். இவற்றையெல்லாம் முன்கூட்டியே வன்தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதலில் கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை ஜிம் (ZIM) என்ற வகையில் சுருக்கிய ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமலே தேடிப் படிக்க உதவும் இலவச மென்பொருள். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபியைத் தாண்டும். படமில்லாத பதிப்பே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் விக்சனரியும் அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. முதல் முறை நகலெடுக்கும்போது பென் டிரைவில் நிறைய இடம் இருந்தும் "கோப்பு பெரியது" என்று மறுத்தது. ஃபேட்32 (FAT32) என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட் (exFAT) முறைக்கு மாற்றியதும் சரியானது. ஒரு நாள் முழுக்க இறக்கிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்காமலிருக்க, இதை முன்பே செய்துவிடுங்கள்.

நிரலுக்கு ஜீல் என்றொரு மென்பொருள். பைத்தான் ஆவணங்கள் முழுவதும் அதில் கிடைக்கும். எழுத்தைத் தட்டத் தட்டப் பக்கம் வந்துவிடும், இணையத்தில் தேடுவதைவிட வேகமாக. பைத்தான் தொகுப்புகளை வேறொரு கணினியில் 'பிப் டவுன்லோடு' கட்டளையால் இறக்கிக் கொண்டுவருகிறேன். அந்தக் கணினியின் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் என்னுடையதோடு ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே நிறுவ முடியாமல் போகலாம். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளுக்கு எந்தக் குறையும் இல்லை. 2005இல் உருவானபோதே முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்படிதான் அமைத்தார்கள். லிப்ரேஆஃபிஸ் நன்றாக ஓடுகிறது, ஆனால் அதன் உதவிக் கோப்பு தனியாக இருக்கிறது. அதையும் சேர்த்து இறக்காவிட்டால் எஃப்1 விசையை அழுத்தும்போது இணையப் பக்கத்தைத் திறக்கப் பார்க்கும்.

கைவிட்டது சந்தா மென்பொருள்தான். பணம் கட்டி வாங்கிய ஒரு படத் திருத்தி, சில வாரங்களில் லைசென்ஸைச் சரிபார்க்க இணையம் கேட்டுத் திறக்கவே மறுத்தது. காசு கொடுத்த பொருள் என் மேசையிலேயே பூட்டிக் கிடந்தது இன்னும் உறுத்துகிறது. இப்போது கிம்ப் என்ற இலவசப் படத் திருத்தி. எதையும் வாங்கும் முன் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்த அடி கடிகாரம். இணையத்தில் இருக்கும் கணினி நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இதற்கு நாம்தான் திருத்த வேண்டும். இரண்டாம் ஆண்டில் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. என் காப்பு நகல் நிரலோ, தேதியில் புதிய கோப்புகளை மட்டும் எடுக்கும். அன்று திருத்திய அத்தியாயங்களைப் பழையவை என்று எண்ணி ஒதுக்கிவிட்டது. நல்ல வேளையாக மூலக் கோப்புகள் பத்திரமாக இருந்தன. இப்போது வேலையைத் தொடங்கும் முன் தேதியைப் பார்க்கிறேன், பேட்டரி ஒன்றும் கூடுதலாக இருக்கிறது.

இணையம் இல்லை என்பதால் வைரஸ் வராது என்று நம்ப வேண்டாம். பென் டிரைவே அதற்கு வழி. பிறர் டிரைவைச் செருகுவதில்லை. இறக்கிய நிறுவல் கோப்புகளின் ஷா256 எண்ணை (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அதன் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே திறக்கிறேன்.

பலர் சேர்ந்து ஒரே கோப்பைத் திருத்தும் வேலைக்கும், நிமிடத்துக்கு நிமிடம் பதில் சொல்ல வேண்டிய வேலைக்கும் இந்த ஏற்பாடு சரிவராது. எனக்கு ஒரு நாளில் நகரும் பக்கங்கள் கூடியிருக்கின்றன. அந்த நோட்டு இன்றும் மேசையில் இருக்கிறது. தெரியாததை அதில் எழுதிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி போட்டு, அடுத்த பத்திக்குப் போய்விடுகிறேன். சனிக்கிழமை தேட உட்காரும்போது, அவற்றில் பாதிக்கு மேல் அடுத்தடுத்த பக்கங்களை மொழிபெயர்க்கும்போதே விடை கிடைத்து, கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன.