ஸ்டெல்லாரிஸ்: எட்டு வருடமாக வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்

2017 கடைசியில் ஒரு தள்ளுபடி விற்பனையில் ஸ்டெல்லாரிஸ் வாங்கினேன். பாரடாக்ஸ் இன்டராக்டிவ் 2016 மே மாதம் வெளியிட்ட விண்வெளிப் பேரரசு ஆட்டம். கணினி ஆட்டங்களை விற்கும் தளமான ஸ்டீம் காட்டும் கணக்கு 1,400 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் யார் கண்ணிலும் அந்த எண் படாமல் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஆயுதம் போடுவது, எந்தக் கப்பல் கட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் எல்லைக்குள் நுழைய எத்தனை வழி இருக்கிறது, எண்ணிப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். நான் தோற்ற போர்களில் பாதிக்கு மேல் வழியைச் சரியாகப் பார்க்காததால் தோற்றவை.

நான் ஆட ஆரம்பித்தபோது நிலைமை வேறு. பேரரசை உருவாக்கும்போதே மூன்று பயண முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வார்ப் எடுத்தால் எட்டும் தூரத்தில் இருக்கிற எந்த நட்சத்திரத்துக்கும் நேராகப் போகலாம், ஆனால் மெதுவாக. ஹைப்பர்லேன் எடுத்தால் வேகம் உண்டு, ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவே வரைபடத்தில் போட்டிருக்கும் பாதைகளை விட்டு விலக முடியாது. வோர்ம்ஹோல் (விண்வெளியில் ஒரு குறுக்குச் சுரங்கம்) எடுத்தால் நிலையம் கட்டி, அதன் சுற்றளவுக்குள் ஒரே தாவலில் போய் இறங்கலாம். அந்த நிலையத்தை எதிரி உடைத்தால் படை போன இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். கேட்க அருமையாக இருக்கும். ஆடும்போது அது கபடி இல்லை, ஓடிப்பிடித்து விளையாட்டு. நான் அவன் தலைநகரை நோக்கிப் போவேன், அவன் என் தலைநகரை நோக்கி வருவான், இரண்டு படையும் ஒன்றையொன்று பார்க்காமலே போர் முடியும். எல்லை என்று ஒன்று வரைபடத்தில் நிறமாக மட்டும் இருந்தது.

2018 பிப்ரவரியில் 2.0 பதிப்பு வந்தது. தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் வார்ப்பும் வோர்ம்ஹோலும் போயின. எல்லோருக்கும் ஹைப்பர்லேன் மட்டும். இன்னொரு மாற்றத்தைப் பலர் அப்போது கவனிக்கவில்லை: ஒரு சிஸ்டத்துக்குள் (ஒரு நட்சத்திரமும் அதன் கோள்களும்) நுழைந்தால், அடுத்த வழி தொடங்கும் முனை வரைக்கும் கப்பல் உள்ளே ஊர்ந்து போயாக வேண்டும். நடுவில் ஒரு ஸ்டார்பேஸ், அதாவது விண்வெளிக் கோட்டை, இருந்தால் அதைத் தாண்டித்தான் போக முடியும். எனக்கு முதலில் கோபம்தான். வார்ப் பிரியன் நான். இரண்டு ஆட்டம் முடிந்ததும் கோபம் போய்விட்டது. வரைபடத்தில் திடீரென்று கணவாய், முச்சந்தி, முட்டுச்சந்து எல்லாம் முளைத்திருந்தன.

அதிலிருந்து என் தொடக்கம் மாறவே இல்லை. முதல் சில வருடங்களுக்கு அறிவியல் கப்பல்களில் ஒன்றை ஆய்வுக்கு விடாமல், சும்மா சுற்றிப் பார்க்க மட்டும் அனுப்புவேன். ஆய்வு பொறுமையாக நடக்கட்டும்; வழிகள் எங்கே குறுகுகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்ததும் கட்டுமானக் கப்பலை நேராக அங்கே அனுப்பி, அந்த இடம் என்னுடையது என்று காட்டும் சிறு நிலையமான அவுட்போஸ்ட் போடுவேன். எல்லையை விட்டுத் தள்ளிப் போகப் போக செல்வாக்குப் புள்ளி அதிகம் பிடுங்கும், அந்தக் கட்டத்தில் வலிக்கத்தான் செய்யும். ஆனால் கழுத்துப் பகுதியைப் பிடித்து எல்லையை மூடிவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் பத்துப் பதினைந்து சிஸ்டங்களை அண்டை வீட்டுக்காரனால் தொட முடியாது. அவை எனக்கென்று போட்டுவைத்த காலி மனை மாதிரி. நிதானமாக நிரப்பிக்கொள்ளலாம்.

அந்தக் கழுத்தில் பின்னாளில் ஸ்டார்பேஸை உயர்த்தி, எஃப்டிஎல் (ஒளியை விட வேகமான பயணம்) தடுப்பானும் சேர்த்துவிட வேண்டும். தடுப்பான் இருக்கும் சிஸ்டத்துக்குள் வந்த எதிரிப் படை, வந்த வழியே திரும்பிப் போகலாமே தவிர முன்னால் போக முடியாது. கோட்டையை உடைத்தால்தான் கதவு திறக்கும். அந்த இடம் பல்சாராக (துடிக்கும் நட்சத்திரமாக) அமைந்தால் இருபக்கமும் கேடயம் வேலை செய்யாது, எனவே கவசத்தை நம்பிக் கட்டியவனுக்குக் கொண்டாட்டம். நியூட்ரான் நட்சத்திரமாக இருந்தால் உள்ளே வந்த கப்பல்கள் சேற்றில் மாட்டிய மாட்டு வண்டி போல நகரும். இதையெல்லாம் பார்த்துக் கோட்டைக்கு இடம் தேர்வதுதான் இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த வேலை, சண்டையை விட.

சரி, இவ்வளவு தெரிந்தவன் எப்படி அடி வாங்கினான் என்று சொல்கிறேன். ஒரு ஆட்டத்தில் எனக்கு வாய்த்த இடம் அருமையானது: உள்ளே வர ஒரே ஒரு வழி. கையில் இருந்த உலோகக் கலவையை எல்லாம் அந்த ஒரு ஸ்டார்பேஸில் கொட்டினேன். பீரங்கி, பாதுகாப்பு மேடைகள், பக்கத்திலேயே முழுப் படையும். ஆட்டத்தின் நாட்காட்டியில் 2300-ஆம் வருடம் தாண்டியும் ஒருவன் கிட்டே வரவில்லை. என் பின்பக்கத்தில், தலைநகரிலிருந்து மூன்று தாவல் தள்ளி, ஓர் இயற்கை வோர்ம்ஹோல் இருந்தது. பயண முறையாக வோர்ம்ஹோல் போனாலும், இரண்டு இடங்களை இணைக்கும் இந்தச் சுரங்கங்கள் வரைபடத்தில் உண்டு. அதைக் கடக்க வேண்டிய நிலைப்படுத்தும் தொழில்நுட்பம் என் ஆராய்ச்சிப் பட்டியலில் இரண்டு முறை வந்தும், அவசரம் இல்லை என்று தள்ளிவிட்டேன். மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அந்த அலட்சியம் இல்லை. ஒரு நாள் கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். அங்கே என்னிடம் இருந்தது வெறும் சாதாரண அவுட்போஸ்ட்.

பதறிப்போய் முன்வாசல் படையைத் திருப்பினேன். அங்கேதான் இரண்டாவது தப்பு. ஒரே படையாக இருந்தால் மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் எல்லாம் நகரும் என்பதால், வேகத்துக்காக கார்வெட்டுகள் என்ற சிறு கப்பல்களைத் தனியாகவும் பேட்டில்ஷிப்கள் என்ற பெரும் போர்க்கப்பல்களைத் தனியாகவும் பிரித்து வைத்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே இலக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கார்வெட்டுகள் முதலில் போய்ச் சேர்ந்து செத்தன. பேட்டில்ஷிப்கள் அப்புறம் வந்து, தனியாக நின்று செத்தன. மொத்தமாகப் போயிருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய சண்டை. தப்பித்த சில கப்பல்கள் அவசரத் தாவலில் ‘காணாமல் போனவை’ பட்டியலில் கிடந்து, எல்லாம் முடிந்த பிறகு வீடு திரும்பின. இப்போது எந்தப் படையானாலும் சண்டைக்கு ஒரு தாவல் முன்னால் நிறுத்தி, எல்லோரும் வந்த பிறகே உள்ளே விடுகிறேன்.

பிற்கால ஆட்டத்தில் இந்த நிலவியல் மெல்லக் கரைகிறது. கைவிடப்பட்ட கேட்வேக்களை (தூரத்து இடங்களை இணைக்கும் வாசல்கள்) சரிசெய்து, சொந்தமாகவும் கட்டத் தொடங்கினால், வேலை செய்யும் கேட்வேக்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரே எட்டு. 2022-ல் வந்த ஓவர்லார்ட் விரிவாக்கம் ஹைப்பர் ரிலே என்ற கடத்தி நிலையத்தைக் கொடுத்தது. சிஸ்டத்துக்கு ஒன்று என்று வரிசையாகக் கட்டினால் உள்ளே ஊர்ந்து போகும் நேரம் மிச்சம். பெரிய பேரரசுக்கு முதுகெலும்பு மாதிரி ஒரு நெடுஞ்சாலை போட்டால் போதும், கிளை வழிகளுக்கு வேண்டியதில்லை. அதே விரிவாக்கத்தில் வந்த குவாண்டம் கேட்டபல்ட் ஒரு கவண். படையை வெகு தூரத்துக்கு எறியும், ஆனால் குறி வைத்த இடத்திலேயே விழும் என்ற உத்தரவாதம் கிடையாது. இரண்டு முறை பயன்படுத்தினேன், இரண்டு முறையும் சிரிப்பு வந்ததுதான் மிச்சம்.

ஹைப்பர்லேன் வழியே போகாமல் நேராகக் குதிக்க உதவும் ஜம்ப் டிரைவ் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. கோட்டையைத் தாண்டிக் குதிக்கலாம் என்பது உண்மை. குதித்த பிறகு 200 நாளைக்குப் படையின் வேகமும் தாக்கும் பலமும் பாதியாகிவிடும் என்பதும் உண்மை. அதனால் எதிரி படையின் மடியில் போய் இறங்காதீர்கள். காவல் இல்லாத ஒரு ஓரத்தில் இறங்கி, மூச்சு வாங்கிவிட்டு நடக்க வேண்டும். என் கணக்கில் அது தப்பித்து ஓடுவதற்கும், வீட்டுக்கு அவசரமாகத் திரும்புவதற்கும்தான் அதிகம் உதவியிருக்கிறது.

பழைய வார்ப் காலத்துக்கு ஏங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டீமில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியில் போய் நானும் ஒரு வாரம் ஆடிப் பார்த்தேன். நாலாவது நாள், நடுவானில் எதிரிப் படையைத் துரத்திக்கொண்டே இருந்தபோது அலுத்துவிட்டது. ஹைப்பர்லேன் அடர்த்தியைக் குறைத்து ஒரு புது ஆட்டம் தொடங்கினேன். வழிகள் குறைந்தால் கணவாய்கள் கூடும், என் ருசிக்கு அது சரியாக இருக்கிறது.

இப்போது 2260-ல் நிற்கிறேன். எல்லைக்குள் ஒரு வோர்ம்ஹோல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஒற்றைக் கார்வெட்டை நிறுத்திவைத்திருக்கிறேன், பெயர் ‘வாட்ச்மேன்’. முன்வாசலை விட அந்த இடத்தைத்தான் அடிக்கடி எட்டிப் பார்க்கிறேன்.